திருமலைத் துறைமுகத்தின் காலைச் சந்தை

திருக்கோணமலை என்ற பெயரைக் கேட்டவுடன் கோணேசர் ஆலயமும், கடலோரத்துப் பெரும் பாறையும், உலகப் புகழ் பெற்ற இயற்கைத் துறைமுகமுமே பலரது நினைவில் எழும். இவற்றைக் காணாது ஊர் திரும்புவோர் அரியர். ஆயினும் இவ்வூர் மக்கள் எதை உண்கின்றனர், எவரோடு கொண்டும் கொடுத்தும் வாழ்கின்றனர் என்பதை அறிய விரும்புவோர், கதிரவன் கடலினின்று எழும் வேளையிலேயே சந்தைக்குச் செல்லுதல் வேண்டும். ஆனி மாதத்து ஒருநாட் காலையில் நாமும் அவ்வாறே சென்றோம்.

சந்தைக்குச் செல்லுமுன் ஊரின் பழங்கதையைச் சிறிது நினைவுகூர்தல் நலம். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்தனர். அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தரும், 1782இல் சிறிது காலம் பிரெஞ்சுக்காரரும், 1795இல் ஆங்கிலேயரும் அதனைக் கைப்பற்றினர். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் இங்கே குண்டு பொழிந்தன. 1957இல் ஆங்கிலக் கடற்படையினர் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துச் சென்றனர். வந்தவர் யாவரும் நாடியது ஆழமான துறைமுகத்தை. அவர்கள் அனைவருக்கும் உணவூட்டியதோ இக்கரையின் மீனும், சுற்றூர்களின் நெல்லும் பாலுமேயாம்.

பஸ் நிலையத்தையும் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் அடுத்த கடைத்தெருக்களில் அக்காலை வேளையிலேயே இரைச்சல் மிகுந்திருந்தது. மீன் விற்குமிடத்தில் அறக்குளாவும் பாரையும் சூரையும் பெரிய பலகைகளின்மேல் கிடந்தன. சூடையும் கீரியும் வெள்ளிக் காசுகளைக் கொட்டியவாறு கூறு கூறாகக் குவிக்கப்பட்டிருந்தன. “அம்மா, சூடை இப்பதான் கரைக்கு வந்தது, ஒரு கூறு எடுங்கோ” என்றான் ஓர் இளைஞன். அவ்வம்மையாரோ அவன் சொல்லை நம்பி வாங்குபவராக இல்லை. உடன் வந்த மகளுக்கு ஒவ்வொன்றாய்க் காட்டினார்: கண் குழியாது தெளிவாக இருத்தல் வேண்டும், செவுள் சிவந்திருத்தல் வேண்டும், விரலால் அழுத்திய இடம் உடனே நிமிர்தல் வேண்டும். இம்மூன்றும் பொருந்திய பின்னரே விலை பேசத் தொடங்கினார். இல்லறக் கல்வியில் இதுவும் ஒரு பாடமன்றோ!

நாம் சென்ற காலம் மீன் மலிந்த காலம். தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்கால் மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும். கிழக்குக் கரையோ அமைதியாயிருக்கும். அக்காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் முதலிய மேற்குக்கரை ஊர்களிலிருந்து மீனவர் இங்கு வந்து, கரையில் வாடி அமைத்துத் தொழில் செய்வது நெடுநாள் வழக்கம். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று எழுந்ததும் நிலைமை மாறிவிடும். அப்போது கருவாடே கை கொடுக்கும். கோடையில் மேற்கிலிருந்து வீசும் வெப்பக் காற்றை இங்குள்ளோர் ‘கச்சான்’ என்பர். நிலக்கடலைக்கும் அதுவே பெயர். சந்தை வாயிலில் சுடச்சுட வறுத்த கச்சானை வாங்கிக் கொறித்துக்கொண்டே, கச்சான் காற்றில் வியர்த்தவாறு உள்ளே நடந்தோம்!

மரக்கறிப் பகுதியில் நான்கு திசைகளும் ஒன்று கூடியிருந்தன. நிலாவெளிப் பக்கத்துச் சின்ன வெங்காயம், தம்பலகாமத்து அரிசி, யாழ்ப்பாணத்துப் பனங்கட்டியும் ஒடியலும், மலைநாட்டிலிருந்து லொறியில் இறங்கிய கரட்டும் லீக்சும் அருகருகே இருந்தன. தமிழில் விலை கேட்டவருக்குச் சிங்கள வியாபாரி தமிழிலும், சிங்களத்தில் கேட்டவருக்குத் தமிழ் வியாபாரி சிங்களத்திலும் விடை சொன்னதைக் கேட்டோம்.

எம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தது தயிர்ச் சட்டிகளின் வரிசையே. இலங்கையின் மிக நீண்ட நதியான மகாவலி, 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. அந்நதி வளம்படுத்தும் மூதூர், கிண்ணியாப் புறத்துப் புல்வெளிகளில் எருமைகள் மேய்கின்றன. எருமைப்பாலில் பசுப்பாலைவிடக் கொழுப்பு மிகுதி. மண்சட்டியின் நுண்துளைகளோ மிகையான நீரை மெல்ல உறிஞ்சி வெளியேற்றுகின்றன. இவ்விரண்டும் சேர்வதாலேயே இத்தயிர் கத்தியால் வெட்டத்தக்க கட்டியாக அமைகின்றது.

சட்டிகளின் பின்னால் அமர்ந்திருந்த கிண்ணியாப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். “முந்தி பாதையில ஏத்தித்தான் கொண்டு வருவம், தம்பி. பாதைக்குக் காத்துக் கிடந்தா வெயிலேறித் தயிர் புளிச்சிடும். இப்ப பாலம் இருக்கு” என்றார். அங்கே பாதை என்பது மக்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவைத் தோணியாகும். 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதும் அக்காத்திருப்பு நீங்கிற்று.

பின்னர் அவர் குரல் தாழ்ந்தது. 2006 ஏப்ரல் 12ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டுக்குப் பொருள் வாங்க மக்கள் நெருங்கியிருந்த வேளையில், இங்குள்ள மரக்கறிச் சந்தையிற் குண்டொன்று வெடித்தது. அதன்பின் மூண்ட கலவரத்தில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. உயிர்கள் பல மாண்டன. அதற்கு முன்னரே, 2004 டிசம்பரில், கடற்கோள் இக்கரையின் தோணிகளையும் வலைகளையும் வாரிச் சென்றிருந்தது. “பிறகு எப்படித் திரும்பி வந்தீர்கள்?” என்று வினவினோம். “பால் கறந்தா வித்தாகணும். வாங்கிறவ பிள்ளைக்குச் சோறு போட்டாகணும். எத்தின நாளைக்குப் பயந்திருக்கிறது? எண்ட தயிரை வாங்கிறதில அரைவாசிப் பேர் தமிழாக்கள்தான், தம்பி” என்றார் அவர். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஸ்பெயின் நாட்டின் வடகரையில், பஸ்கு மக்களின் பழம்பதியான சான் செபஸ்தியான் என்னும் துறைமுக நகர் உள்ளது. அங்குள்ள உணவுச் சந்தையின் பெயர் ‘பிரெச்சா’. அதற்குப் பொருள் மதிற் பிளவு என்பதாம். 1813இல் முற்றுகைப் படையினர் கோட்டை மதிலை உடைத்து உட்புகுந்தனர்; நகர் தீக்கிரையாயிற்று. மதில் பிளந்த அவ்விடத்திற்றான் பின்னாளில் மீனும் காய்கறியும் விற்கும் சந்தை எழுந்தது. ஊரார் அப்பழம் புண்ணின் பெயரை மறைக்கவுமில்லை. அதை எண்ணிக் கடையை மூடவுமில்லை. திருமலைச் சந்தையிலும் நாம் கண்டது அத்தகைய உறுதியையே.

வரலாற்று நூல்கள் இத்துறைமுகத்தை வென்றோரின் பெயர்களை வரிசைப்படுத்திக் கூறும். மாணவர்கள் அவற்றைக் கற்கத்தான் வேண்டும். அவற்றோடு, எரிந்த இடத்தில் மறுபடியும் தராசைத் தூக்கியவர்களையும் அறிதல் வேண்டும். விடுமுறைக்குத் திருமலை செல்லும் குடும்பத்தினர் கோணேசரைத் தரிசித்து, கன்னியா வெந்நீரில் நீராடியபின், ஒரு காலைப் பொழுதைச் சந்தைக்கும் ஒதுக்குவாராக. வீடு திரும்பும்போது ஒரு சட்டித் தயிரைத் தவறாது வாங்கி வருக; பனங்கட்டியோடு உண்பார்க்கு அதன் சுவை விளங்கும்.