நெளியறதும் நல்லதுதான் பாஸ்!

கிளாஸ்ல ரெண்டு பீரியட் ஒரே பெஞ்ச்ல உட்கார்ந்தா எத்தனை தடவை நெளியறீங்க? அந்த நெளியல்தான் உங்க தோலைக் காப்பாத்துது. மயக்க மருந்து வாங்கி ஆபரேஷன் டேபிள்ல படுத்திருக்கிறவருக்கு வலியும் தெரியாது, புரளவும் முடியாது.

அழுத்தம் என்பது விசை வகுத்தல் பரப்பு. பின்மண்டை, வால் எலும்பு, குதிகால்னு எலும்பு துருத்துற இடமெல்லாம் சின்னப் பரப்பு. நுண்ரத்தக் குழாய்க்குள் இருக்கும் அழுத்தமோ சுமார் 32 மி.மீ. பாதரசம்தான். மணிக்கணக்கில் அதைவிட அதிகமாக அழுத்தினால் ரத்தம் போகாமல் திசு செத்துப்போகும். 3 மணி நேரத்தைத் தாண்டும் ஆபரேஷன்னா ரிஸ்க் எகிறும். கொடுமை என்னன்னா, சில சமயம் புண் 2, 3 நாள் கழிச்சுத்தான் தெரியும். பழி வார்டு நர்ஸ் தலையில!

டேபிள்ல ஜெல் மெத்தை போடுவாங்க. எனக்குப் பிடிச்சது அதைவிட சிம்பிள்: கெண்டைக்கால் முழுக்கத் தாங்குற மாதிரி தலையணை வெச்சு, குதிகாலை அந்தரத்துல விட்டுடறது. ஓட்டை போட்ட ரிங் குஷன் மட்டும் வேண்டாம், அதோட விளிம்பே ரத்தத்தைத் தடுக்கும்.

ஆஸ்பத்திரியில ராத்திரி காவலுக்கு அனுப்பறது நம்மளைத்தானே? குதிகாலையும் இடுப்பின் பின்புறத்தையும் பாருங்க. சிவந்த இடம் விரலால் அழுத்தியும் வெளுக்கலைன்னா நர்ஸைக் கூப்பிடுங்க. நம்ம கலருக்குச் சிவப்பு சரியாத் தெரியாது. சூடாவோ கெட்டியாவோ இருக்கான்னு தொட்டுப் பாருங்க. தேய்க்கக் கூடாது. தாத்தாவுக்கு ஆபரேஷன் ஆனப்போ, பாட்டி கையிலிருந்து தைல பாட்டிலைப் பிடுங்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு!