பரண் லென்ஸை எடைக்குப் போடாதீங்க!

உங்க வீட்டுப் பரணை ஒருதடவை குடைஞ்சு பாருங்க. அப்பாவோ மாமாவோ எப்பவோ வாங்கின ஃபிலிம் கேமரா அங்கே தூங்கிக்கிட்டு இருக்கலாம். கேமரா செத்துப் போயிருந்தாலும், பூஞ்சை பிடிக்காம இருந்தா லென்ஸ் இன்னும் உயிரோடதான் இருக்கும். செகண்ட் ஹேண்ட் டி.எஸ்.எல்.ஆர். வாங்கவே நாக்குத் தள்ளுற நமக்கு அது சும்மா கிடைச்ச புதையல்!

ஆனா, அடாப்டர் போட்டு மாட்டினா ஒரு படம் வெளிறிப் போகும், இன்னொண்ணு இருட்டடிக்கும். உடனே, 'லென்ஸ் அவுட்டு மச்சி'ன்னு தீர்ப்பு சொல்ல ஒரு கும்பல் கிளம்பும். என் ரூம்மேட்டுக்கும் அதேதான் நடந்தது. ஸ்டுடியோ வெச்சிருந்த அவங்க அப்பா இப்போ இல்லை. மிச்சம் இருந்தது ஒரு சோவியத் ஹீலியோஸ் 44-2 லென்ஸ். டிபார்ட்மென்ட் விழா படங்கள் வெளுத்துப்போன கடுப்புல, அதை 500 ரூபாய்க்குத் தள்ளிவிடக் கிளம்பிட்டான்.

கொஞ்சம் பொறுங்க பாஸ். தப்பு லென்ஸ் மேல இல்லை!

இப்போதைய லென்ஸ், தன்னோட அப்பர்ச்சர் என்னன்னு கேமராவுக்கு எலெக்ட்ரானிக்கா சொல்லிடும். படம் பிடிக்கிற நொடியிலதான் அது சுருங்கும். பழைய லென்ஸ் வாயே திறக்காது. நீங்க வளையத்தைத் திருப்பினா அப்பவே சுருங்கிடும். டி.எஸ்.எல்.ஆரோட மீட்டர் இருக்கிறது மேலே, வ்யூ ஃபைண்டர் பக்கத்துல. ஃபோகஸிங் ஸ்க்ரீன் சிதறடிக்கிற வெளிச்சத்தை வெச்சுத்தான் அது கணக்குப் போடும். அப்பர்ச்சர் மாறும்போது அந்தச் சிதறல் ஒரே விகிதத்துல மாறாது. லென்ஸ் தகவல் தந்தா கேமரா அதைச் சரிக்கட்டும். தராட்டி, கணக்கு உதைக்கும். போதாததுக்கு, எஃப் 8, எஃப் 11-ன்னு சுருக்கினா, கண் வைக்கிற ஓட்டை வழியா நுழையிற வெளிச்சமும் மீட்டரைக் குழப்பிப் படத்தை இருட்டாக்கும்.

நிக்கான் டி3000, டி5000 மாதிரி கேமராக்கள்ல 1977-ல வந்த ஏ.ஐ. லென்ஸை மாட்டினா மீட்டர் வேலையே செய்யாது. அங்கே மேனுவல் மோடுதான் கதி. வெயில்ல ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 16, ஷட்டர் 1/100-ல இருந்து ஆரம்பிங்க.

மத்த கேமராக்களுக்கு வழி சிம்பிள். நிழல்ல இருக்கிற ஒரு சுவரைப் பிடிங்க. வெளிச்சம் மாறாத நேரமா, அப்பர்ச்சர் பிரையாரிட்டியில எஃப் 2, 2.8, 4, 5.6, 8-ன்னு வரிசையா எடுங்க. எல்லாப் படத்துலயும் ஹிஸ்டோகிராம் மேடு ஒரே இடத்துல நிக்கணும். வலது பக்கம் நகர்ந்தா எக்ஸ்போஷரைக் குறைங்க, இடது பக்கம் நகர்ந்தா கூட்டுங்க. எந்த எண்ணுக்கு எவ்வளவுன்னு எழுதி லென்ஸ் மூடியில ஒட்டிடுங்க. அடுத்தவன் சீட்டை காப்பி அடிக்காதீங்க. கேமராவுக்கு கேமரா இது மாறும். லைவ் வ்யூல எடுத்தாலும் பெரும்பாலும் பிரச்னை தீரும். ஏன்னா, அங்கே சென்சாரே நேரடியா வெளிச்சத்தை அளக்குது. மிரர்லெஸ்லயும் அதே கதைதான்.

ரூம்மேட் கேமராவுல எஃப் 5.6-ல சரியா ஒரு ஸ்டாப் கூடுதல். மைனஸ் 1 வெச்சான், முடிஞ்சது ஜோலி! ஃபைனல் இயர் ஃபேர்வெல் முழுக்க அந்த ஹீலியோஸ்லதான் எடுத்தான்.

விக்கிறதா இருந்தாலும், அந்த இருபது நிமிஷ டெஸ்ட்டை முடிச்சிட்டு வித்துக்கோங்க!