தராசிலேறும் நூல்கள்

பழைய இரும்பு, போத்தல், கடதாசி வாங்குவோர் எமது கட்டைபறிச்சானிலும் உலாவுவர். பெரியவர் மறைந்த வீட்டில் அலுமாரி ஒழிக்கப்படும்பொழுது நூல்களும் தராசிலேறும். அங்கே தேவாரத்திற்கும் செய்தித்தாளுக்கும் விலை ஒன்றே. இம்மலரின் முன்னோர் சிலரும் அவ்வழியே சென்றிருப்பர்!

அண்மைக்காலத்தே இத்துறையில் இளைஞர் சிலர் புகுந்துள்ளனர். கடதாசிக் கட்டை அவிழ்த்து, அட்டை கிழிந்த பழம்பதிப்பை எடுத்துத் தூசி தட்டிப் படம்பிடித்து முகநூலில் இடுகின்றனர். கிலோக் கணக்கில் வாங்கியது, கனடாவிலோ இலண்டனிலோ வாழும் ஒருவர்க்குப் பன்மடங்கு விலைக்குப் போகின்றது. கொள்ளை இலாபம் என்பர் சிலர். யாம் அவ்வாறு கூறோம். கொழும்பு டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழம்புத்தகக் கடைக்காரர் நெடுங்காலம் செய்துவந்ததும் இதுவே. பதிப்பாண்டைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்குக் கூலி வேண்டாமோ?

யாம் அஞ்சுவது வேறு. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. மூதூர்க் கிழக்கில் 2006ஆம் ஆண்டுப் போரிலே இடம்பெயர்ந்தோர் உயிரைக் காப்பரோ, ஏட்டைக் காப்பரோ? எஞ்சிய பிரதி ஒன்றேயாயின், அது கடல்கடந்தபின் ஈண்டு கற்கும் மாணவன் எதனைப் படிப்பான்?

2005ஆம் ஆண்டு தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம், ஈழத்து ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படியெடுத்து விலையின்றி அளித்து வருகின்றது. அங்கே ஒரு படி சென்றபின் தாள் எவர் கைக்குப் போனாலென்ன? எம்மிடம் பயின்று இவ்வியாபாரத்தில் இறங்கிய ஒருவனிடம் இதனைக் கூறினோம்.

“படி வெளியே வந்தால் விலை விழுந்துவிடும், சேர்” என்றான்.

சேகரிப்போர் விரும்புவது பழைய தாளையும் அச்சையுமே என்றோம். அவன் பாதி நம்பினான். பழைய பாடசாலை மலரொன்றை மட்டும் படியெடுக்க இரண்டு நாள் தந்தான். மூன்றாம் நாட் காலை வந்து வாங்கிச் சென்றான். அன்றே அது தபாலேறிற்று. விற்ற விலையை எமக்குச் சொல்லவில்லை.