எடைக்கு முன்னால் இறங்கும் சர்க்கரை

இரைப்பை பைபாஸ் அறுவை செய்துகொண்ட சர்க்கரை நோயாளிக்கு எடை குறைய மாதக்கணக்காகும். சர்க்கரை அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வார்டிலிருந்து சிஸ்டர் போன் செய்வார்: "சார், சுகர் நூத்தி நாப்பதுதான் இருக்கு. நைட் இன்சுலின் போடணுமா?" வேண்டாம் என்று சொல்லும்போது இன்றும் எனக்குள் ஒரு சிலிர்ப்பு.

பட்டினியால்தான் குறைகிறது என்பார்கள். முதல் சில நாட்களுக்கு அது பெரிய காரணம்தான்; நீராகாரம் மட்டும் என்பதால் கல்லீரல் சர்க்கரையைக் கொட்டுவது குறைகிறது. ஆனால் அதே அளவு எடையை டயட்டில் குறைத்தவருக்கு, சாப்பிட்டபின் இன்சுலினைத் தூண்டும் குடல் ஹார்மோனான ஜிஎல்பி-1, பைபாஸ் செய்தவருக்கு ஏறுவதுபோலப் பல மடங்கு ஏறுவதில்லை.

இந்த ஏற்றத்துக்கு வழிசெய்யும் அறுவையில் என் கவனமெல்லாம் குடலை அளக்கும் கட்டத்தில்தான். இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையைப் பிரித்தபின், பெருங்குடலைத் தூக்கிப் பிடித்து, சிறுகுடல் வெளிப்படும் இடத்தைக் கண்டுபிடித்து, கிராஸ்பர் என்னும் இரண்டு பிடிகருவிகளால் மாற்றி மாற்றிப் பிடித்து அளந்துகொண்டே போவோம். இழுத்துப் பிடித்தால் ஓர் அளவு, தளர விட்டால் இன்னோர் அளவு. அதனால் இங்கே அவசரமே கூடாது. அளந்து வெட்டிய குடலைச் சிறு பையோடு இணைத்ததும், உணவு முன்சிறுகுடலைத் தொடாமல் நேரே கீழே இறங்குகிறது. அங்கே குடல்சுவரில் இருக்கும் எல் செல்கள் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஹார்மோன்களைச் சுரக்கின்றன. ஜிஎல்பி-1 ரத்தத்தில் இரண்டே நிமிடத்தில் பாதி சிதைந்துவிடும். ஆனால் குடலோரம் ஓடும் வேகஸ் நரம்பு அதற்குள் சேதியை மூளைத்தண்டுக்குக் கொண்டுபோய்விடுகிறது.

டொரன்டோ ஆய்வாளர் டோனி லாமின் குழு 2012இல் எலிகளில் காட்டியதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். முன்சிறுகுடலைத் தவிர்த்து உணவை அனுப்பியதும், இன்சுலின் கூடாமலும் தீனி குறையாமலும் சர்க்கரை விரைவாக இறங்கியது. இடைச்சிறுகுடல் சத்தை உணர்ந்து மூளைக்குச் சொல்ல, மூளை கல்லீரலை அடக்குகிறது. அந்த உணர்வைத் தடுத்தபோது பலனும் போயிற்று. எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் குடலை வெறும் குழாயாக நினைத்து இனி என்னால் தையல் போட முடியாது.

எவ்வளவு சேதி போனாலும் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் மிஞ்சியிருக்க வேண்டும். ஸ்வீடனில் பலவகைப் பருமன் அறுவைகள் செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகளில், மருந்தில்லாமல் சர்க்கரை அடங்கியிருந்தவர்கள் 2 ஆண்டில் 72 சதவீதம். 15 ஆண்டில் 30 சதவீதம்தான். நோய் வந்து அதிக காலம் ஆகாதவர்களுக்கே பலன் அதிகம் நீடித்தது.

ஆகவே சக மருத்துவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆசியர்களுக்கு பிஎம்ஐ 27.5 தாண்டி, மருந்துக்கும் சர்க்கரை அடங்காவிட்டால் அறுவையைப் பற்றிப் பேசலாம் என்று 2016 சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது. இருபது வருடம் கழித்து, கணையம் ஓய்ந்தபின் அனுப்பாதீர்கள். நோயாளிகளே, அறுவைக்குப் பின் பி12, இரும்பு, கால்சியம் ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும். சர்க்கரை நார்மலாக இருந்தாலும் ஆண்டுதோறும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.