பேர் வரட்டும்

"ஊசி குத்துனா பரவிடுமுங்க." அவிநாசி ரோட்டில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தாலும் அரைமணி நேரத்துக்குள் இந்தப் பேச்சு காதில் விழும். கோபியிலிருந்து வந்தவர் தாராபுரத்துக்காரரிடம் சொல்வார். அவர் தலையாட்டிவிட்டு, தன் பங்காளி வீட்டில் நடந்த ஒன்றை எடுத்துவிடுவார். கட்டி என்றால் சீண்டக் கூடாது, கைவைத்தால் வேரோடு எடுத்துவிட வேண்டும். வெள்ளாமை தெரிந்தவர்களின் கணக்கு இது. கோரைக்கிழங்கை அரைகுறையாகக் கொத்தினால் நாலாகத்தானே முளைக்கும்?

தாய்மாமாவுக்குச் சிறுநீரகத்தில் கட்டி என்றபோது எங்கள் வீட்டிலும் அதே பேச்சுத்தான். மாமா கணபதியில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார், 63 வயது. விலாவுக்குக் கீழே மந்தமான வலி, ராத்திரி வேர்வை, மூன்று மாதத்தில் 9 கிலோ இறங்கிவிட்டார். "சக்கரையா இருக்கும்" என்று சோதித்ததில் சர்க்கரை இல்லை, கிரியேட்டினின் 2.8.

அது ஏறியிருந்ததால் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றாமல் வெறும் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். சின்ன விவரம்தான், ஆனால் எல்லாம் அதில்தான் இருந்தது. சிறுநீரகத்தில் வழக்கமாக வருகிற புற்றுநோய் ரத்த ஓட்டம் மிகுந்தது. மருந்து ஏற்றிப் பார்த்தால் பெரும்பாலும் பளிச்சென்று தெரியும். லிம்ஃபோமா மங்கலாகவே நிற்கும். மருந்தில்லாத படத்தில் இரண்டும் ஒரே சாம்பல். இடப்பக்கம் 8 சென்டிமீட்டர் கட்டி, வலப்பக்கச் சிறுநீரகமும் வீக்கம் என்று ரிப்போர்ட் வந்தது. முதலில் போன ஆஸ்பத்திரியில், அடுத்த வாரமே இடது சிறுநீரகத்தை எடுத்துவிடலாம் என்றார்கள். அத்தைக்கு அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

பயாப்ஸி செய்யாமலே எடுப்பது தப்பான முறை இல்லை. அறுவைக்கு ஏற்ற சிறுநீரகக் கட்டியைப் பெரும்பாலும் அப்படித்தான் எடுக்கிறார்கள், எடுத்த பிறகு சோதனைக்கு அனுப்புகிறார்கள். என் வருத்தம் வேறு. வலப்பக்கமும் ஏன் வீங்கியிருக்கிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் சிறுநீரக மருத்துவர் ஒருவர். அறுவைக்கு முன் கிரியேட்டினினைப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். படத்தை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. "இதை எடுத்துட்டா மீதி இருக்கறது வலது ஒண்ணுதாங்க. அதும் வீங்கிக் கெடக்குது. அப்புறம் வாரம் மூணு நாள் டயாலிசிஸ்னு ஆயிரும். எதுக்காக எடுத்தோம்னு பேராவது தெரிய வேண்டாங்களா? ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பாத்தரலாம்."

அம்மா உடனே, "ஊசி வேண்டாமுங்க" என்றாள். ஊசி போன வழியில் புற்று பரவுவது மிகமிக அரிது, ரத்தக்கசிவுதான் பயப்பட வேண்டியது, அதற்கு ஒரு ராத்திரி படுக்கையில் வைத்துப் பார்ப்போம் என்று அவர் விளக்கினார். அம்மாவுக்கு ஏறவில்லை. மாமாவுக்கு ஏறியது. "மெக்கர் வெச்சுப் பாக்காம நாங்க காயிலை அறுக்கறதில்லீங்க டாக்டர். பேர் வரட்டும். கத்தி எங்க போயிரப் போவுது?"

பேர் வருவதற்குப் பன்னிரண்டு நாள் ஆனது. குப்புறப் படுக்கவைத்து, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி நூல் துண்டுகள் போலச் சதை எடுத்தார்கள். முதல் ரிப்போர்ட்டில் லிம்ஃபோமாவாக இருக்கலாம் என்று மட்டும் எழுதியிருந்தது. அப்புறம் அதே சதைச் சீவல்களுக்குச் சாயமேற்றி, செல்லின் மேல்தோலில் என்ன புரதம் ஒட்டியிருக்கிறது என்று தேடினார்கள். சிடி20 இருந்தது. பெரிய பி செல் லிம்ஃபோமா. வலிக்கு ஸ்டீராய்டு தரட்டுமா என்று ஊரில் யாரோ கேட்டதற்கு, ரிப்போர்ட் வரும்வரை தொடவே கூடாது என்று அந்த டாக்டர் முன்பே கறாராகச் சொல்லியிருந்தார். ஸ்டீராய்டு லிம்ஃபோமாவைச் சுருக்கி, சோதனையையும் ஏமாற்றிவிடுமாம்.

சிறுநீரகத்துக்குச் சொந்தமாக நிணநீர்த் திசு கிடையாது. அப்புறம் அங்கே எப்படி லிம்ஃபோமா முளைக்கிறது? அது நிஜமாகவே அங்கே தொடங்குகிறதா, வேறெங்கோ ஒளிந்திருந்து வந்ததா என்று மருத்துவ உலகில் இன்னும் வாதம் நடக்கிறது. அதனால் எலும்பு மஜ்ஜைச் சோதனை, பெட் ஸ்கேன் எல்லாம் பார்த்தார்கள். பெட் ஸ்கேனுக்கு ஏற்றும் சர்க்கரை மருந்து சிறுநீரில்தான் வெளியேறும், நோயில்லாதவருக்கும் சிறுநீரகம் ஒளிரும். எனவே அங்கே அது அரைச் சாட்சிதான். மற்ற இடங்கள் சுத்தமாக இருந்தன.

பேர் தெரிந்ததும் கத்தி போயேவிட்டது. 21 நாளுக்கு ஒரு தரம், ஆறு சுற்று மருந்து. சைக்ளோஃபாஸ்ஃபமைடு, டாக்ஸோரூபிசின், வின்கிரிஸ்டின், பிரட்னிசோலோன் என்ற பழைய கூட்டணியோடு, சிடி20-ஐக் குறிவைக்கும் ரிட்டுக்ஸிமாப். இது அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1997-ல். பழைய கூட்டணியோடு இதைச் சேர்த்தால் 60 வயது தாண்டியவர்களும் கூடுதலாகப் பிழைக்கிறார்கள் என்று பிரெஞ்சு மருத்துவர்கள் 2002-ல் காட்டினார்கள். 2007-ல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் இதன் இந்திய வடிவத்தைக் கொண்டுவந்திராவிட்டால் வைண்டிங் பட்டறைக்காரர் வீட்டுக்கு இது எட்டியிருக்காது.

வின்கிரிஸ்டின் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த அன்று அத்தையிடம் சொன்னேன். நித்யகல்யாணிச் செடியிலிருந்து. ஜமைக்காவிலிருந்து வந்த அதன் இலைகளைக் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் சர்க்கரை வியாதிக்கு ஆகுமா என்று சோதித்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளணுக்கள் இறங்கின. அதிலிருந்து 1958-ல் வின்பிளாஸ்டின், அதன் பின்னால் வின்கிரிஸ்டின். "அந்தச் சுடுகாட்டு மல்லியா?" என்றார் அத்தை. வாசலில் முளைத்தால் பிடுங்கிப் போடுகிறவர். அதற்கப்புறம் பிடுங்கியதாகத் தெரியவில்லை.

முதல் சுற்றுத்தான் கஷ்டம். கட்டி வேகமாகக் கரைந்தால், செத்த செல்களின் குப்பையே சிறுநீரகத்தை அடைத்துவிடும். அதற்கு அலோப்யூரினால் மாத்திரையும் சலைனும். ஏற்கெனவே பழுதான சிறுநீரகம் என்பதால் ஏறுகிற நீரையும் இறங்குகிற நீரையும் அளந்துகொண்டே இருக்க வேண்டும். மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அத்தை மணிவாரியாக எழுதினார். நடுவில் சிவப்பாகப் போனதும் அலறிவிட்டார். டாக்ஸோரூபிசினின் நிறம் அது, ரத்தமில்லை என்று நர்ஸம்மா வந்து சொன்னார். நோட்டில் இன்றும் "சிவப்பு, மருந்து" என்றிருக்கிறது.

சிறுநீரகத்தில் வரும் இந்த லிம்ஃபோமா பின்னால் மூளைக்குத் தாவும் வாய்ப்பு அதிகமாம். அதற்காக முதுகுத்தண்டு நீரிலும் நான்கு முறை மருந்து போட்டார்கள். அந்த ஊசிகளுக்கு அம்மா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

மூன்றாம் சுற்றில் கிரியேட்டினின் 1.4. ஆறு சுற்றும் முடிந்த பிறகு, சென்ற தையில் எடுத்த ஸ்கேனில் கட்டி இல்லை. இரண்டு சிறுநீரகமும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. ஐந்து வருஷம் வந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

மாமா மறுபடி பட்டறை திறந்துவிட்டார். வின்கிரிஸ்டின் விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்துவிட்டது. முன்பெல்லாம் கம்பியை இரு விரலில் உருட்டியே 34-ஆ 36-ஆ என்று கேஜ் சொல்வார். இப்போது அது பிடிபடவில்லை. சீலிங் ஃபேன் வந்தால் பையனிடம் தள்ளிவிட்டு, தடித்த கம்பி சுற்றும் போர்வெல் மோட்டாரை மட்டும் தான் எடுத்துக்கொள்கிறார்.