பரம்பும் பலுகும்

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குச் சொந்த ஊரில் ஒரு துண்டு நிலமேனும் உண்டு. சாலைக் கடைத்தெருவில் வாணிகம் செய்பவராயினும், கரமனையில் குடியிருந்து அலுவலகம் செல்பவராயினும், கோடை விடுமுறை வந்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறோம். அவ்வாறு சென்ற கோடையில் போயிருந்தபோது எனக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தை இங்கே எழுதத் துணிகிறேன். நான் எழுத்தாளன் அல்லன், எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிபவன். ஆயினும், இது நம் பிள்ளைகளைப் பற்றிய செய்தியாகையால், வெட்கப்பட்டு மறைத்து வைப்பது முறையன்று என்று எண்ணுகிறேன்.

எங்கள் ஊர் நாங்குநேரிக்கு அருகே உள்ள ஒரு குளத்துப் பாசனக் கிராமம். குளத்தின்கீழ் கொஞ்சம் நன்செய். மேட்டில் மானாவாரிப் புன்செய். அப்பா காலமான பின், நிலத்தை அண்ணாச்சிதான் பார்த்து வருகிறார். மூன்றாண்டுகளுக்கு முன்பு, ஒருவர் ஓட்டிப் பழகிய டிராக்டர் ஒன்றையும், அதன் பின்னால் மாட்டும் சட்டிப் பலுகு ஒன்றையும் அவர் வாங்கினார். என் சேமநிதியிலிருந்து எடுத்த முன்பணமும் அதில் சேர்ந்திருந்தது. ஆகையால் அந்த வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒருவிதப் பெருமை உண்டு.

சட்டிப் பலுகைப் பார்த்திராதவர்களுக்காகச் சில சொற்கள். ஊரார் அதனை ‘டிஸ்க்’ என்றே அழைக்கின்றனர். குழிந்த இரும்புத் தட்டுகள் பலவற்றை ஓர் அச்சில் வரிசையாகக் கோத்து, அத்தகைய வரிசைகளைச் சட்டத்தில் முன்னும் பின்னுமாகச் சாய்த்துப் பொருத்தியிருப்பர். முன்வரிசைத் தட்டுகளின் விளிம்பில் பல் வெட்டியிருக்கும். பின்வரிசையின் விளிம்பு வழுவழுப்பாக இருக்கும். முதல் வரிசை கட்டியை வெட்டி மண்ணை ஒரு பக்கம் தள்ள, அடுத்த வரிசை அதனை மறுபக்கம் திருப்பித் தள்ளும். கோடை உழவில் பெயர்ந்த கட்டிகளை உடைத்து, நிலத்தை விதைப்புக்கு ஆயத்தம் செய்வதே அதன் தொழில். கட்டியை வெட்டும் விளிம்பு வேறு எதையும் வெட்டும் என்பதை நான் அன்று அறிந்துகொண்டேன்.

சித்திரை மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை வேளை. புன்செயில் அண்ணாச்சி பலுகு ஓட்டிக்கொண்டிருந்தார். ஒன்பது வயதான என் மகன், தன் பெரியப்பாவிடம் கெஞ்சிப் பலுகின் சட்டத்தின்மேல் ஏறி நின்றான். “நிற்கட்டும் தம்பி, கொஞ்சம் பாரமும் ஆச்சு. நாம பரம்புல நிக்கலையா?” என்றார் அண்ணாச்சி. நான் தடுக்கவில்லை. தடுக்காதது மட்டுமன்று, சிரித்துக்கொண்டே கைபேசியை எடுத்துப் படமும் பிடித்தேன்.

அண்ணாச்சி கூறியதில் பொய்யில்லை. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது, நாற்று நடுவதற்கு முன் சேற்று வயலில் பரம்பு அடிப்பார்கள். நாஞ்சில் நாட்டில் அதனை மரமடி என்பர். மாடுகள் இழுக்கும் பலகையின்மேல் பாரத்துக்காகச் சிறுவர்களை ஏற்றுவது வழக்கம். அப்பாவின் வேட்டி முனையைப் பற்றியபடி அப்பலகையில் நின்று வயல் முழுவதும் சுற்றிய இன்பம் இன்றும் என் நினைவில் உள்ளது. விழுந்தால் சேற்றில்தான் விழுவோம். மாடும் தானாகவே நின்றுவிடும். அந்த இன்பத்தை என் மகனும் பெறட்டும் என்றே நான் எண்ணினேன் போலும்.

அவன் நின்றது சேற்றுப் பலகையின்மேல் அன்று; இரும்பின்மேல். மண்ணுக்குள் மறைந்திருந்த பழைய பனைத்தூர் ஒன்றில் தட்டு ஏறியதும் பலுகு துள்ளியது. பையன் பின்புறமாக விழுந்தான். நான் கூவியது எந்திர இரைச்சலில் அண்ணாச்சியின் காதில் விழவில்லை. இருபதடிக்கு மேல் ஓடிய பின்னரே அவர் திரும்பிப் பார்த்தார். பின்வரிசைக் கடைசித் தட்டின் விளிம்பு பையனின் கெண்டைக்காலைக் கீறிவிட்டிருந்தது. ஏழு தையல், மண் பட்ட காயமாகையால் தசைவிறைப்பு நோய்க்குத் தடுப்பூசி. இவ்வளவோடு தப்பினோம். அவன் பின்னால் விழாமல் முன்னால், இரண்டு வரிசைகளுக்கும் நடுவே விழுந்திருந்தால், இக்கட்டுரையை எழுதும் மனம் எனக்கு இருந்திராது.

என் மனைவி ஊரில் இருந்தவரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் ரயில் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்கும்போது, மடியில் உறங்கும் பிள்ளையின் கட்டுப்போட்ட காலைத் தடவியபடி, “படம் பிடிச்சீங்களே” என்று மட்டும் கூறினாள். அதற்கு இன்று வரை என்னிடம் மறுமொழி இல்லை.

நாங்கள் ஊரை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே, அண்ணாச்சியும் நானும் திண்ணையில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினோம். முதலில் பாரம் என்னும் விஷயத்தை ஆராய்ந்தோம். எங்கள் பலுகின் எடை 300 கிலோவுக்கு மேல். அதன்மேல் 25 கிலோ எடையுள்ள சிறுவன் ஏறுவதால் என்ன ஆழம் கூடிவிடும்? ஆழம் போதவில்லையானால் தட்டு வரிசையின் சாய்வுக் கோணத்தைக் கூட்டலாம். சட்டத்தில் எடைக்கல்லை அசையாமல் கட்டலாம். அல்லது நிலத்தில் ஈரம் பதமாகும் வரை காத்திருக்கலாம். ஆளை ஏற்றுவது எவ்விதத்திலும் முறையன்று. ஓட்டுபவருக்கு ஓர் இருக்கை உண்டு. வேறு எவருக்கும் அவ்வண்டியில் இடமில்லை. சக்கரத்தின் மேலுள்ள மட்கார்டும் இருக்கை அன்று.

அடுத்து, பலுகு வண்டியோடு எவ்வாறு இணைகிறது என்பதைப் பார்த்தோம். பழங்கால டிராக்டர்கள் கலப்பையைப் பின்னால் கட்டி இழுத்துச் சென்றன. அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் என்பவர்தான், கீழே இரண்டு கைகளும் மேலே ஒரு கையுமாக மூன்று இடங்களில் கருவியைப் பற்றி, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் முறையைப் பரவச் செய்தவர். அவர் பெயர் தாங்கிய சாம்பல் நிறச் சிறு டிராக்டர்கள் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் காவன்ட்ரி நகரில் லட்சக்கணக்கில் உருவாயின. இன்று நம் ஊர் வயல்களில் ஓடுபவற்றிலும் அதே மூன்று பிடிதான். அதனால் கருவி வண்டியின் உறுப்பைப் போலாகிவிடுகிறது. ஆனால், தூக்கி நிறுத்திய பலுகை அந்தரத்தில் தாங்குவது எண்ணெய் அழுத்தம் ஒன்றே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். எண்ணெய் கசிந்தாலோ, யாரேனும் நெம்புகோலைத் தட்டிவிட்டாலோ, அத்தனை இரும்பும் ஒரே கணத்தில் கீழே விழும். அண்ணாச்சியோ தூக்கிய பலுகின் அடியில் படுத்துத்தான் நட்டு முடுக்கி வந்தார்!

இங்கேதான் என் ரயில்வே அனுபவம் சிறிது பயன்பட்டது. பெட்டியின் அடியில் ஒருவர் பழுது பார்க்கும்போது, அதன் முன்னே சிவப்புக் கொடி ஊன்றுவார்கள். அக்கொடி அகலும் வரை வண்டி அசையக் கூடாது. எங்கள் வயலுக்குக் கொடி வேண்டியதில்லை. வண்டியின் சாவியே கொடி. பலுகைத் தரையில் இறக்கு, எந்திரத்தை நிறுத்து, சாவியைச் சட்டைப்பையில் போடு, அதன் பின்னரே தொடு. தட்டைக் கழற்ற அவசியம் தூக்கத்தான் வேண்டுமானால், சட்டத்தின் அடியில் கனமான மரக்கட்டைகளை அண்டை கொடுத்த பிறகே கை வைப்பது. தட்டின் விளிம்பை வெறுங்கையால் பற்றாமல், சாக்கைச் சுற்றிப் பிடிப்பது.

பிறகு பலுகை ஒவ்வோர் அங்கமாகச் சோதித்தோம். இணைப்பு முளையில் பூட்டு ஊசி இருக்க வேண்டிய இடத்தில் வளைந்த ஆணி ஒன்று செருகியிருந்தது. அது நழுவினால், ஒரு பக்கக் கை கழன்று பலுகு சக்கரத்தில் மோதும். பத்து ரூபாய் ஊசிக்காக எத்தனை பெரிய அபாயம்! தட்டுகளைக் கோத்த அச்சின் கடைசி நட்டும் தளர்ந்திருந்தது. அது தளர்ந்தால் தட்டுகள் ஆடும்; ஆடினால் துளை அகலும்; நாளடைவில் அச்சே முறியும். ஆகவே நாள்தோறும் வேலை தொடங்கும் முன் அதனை முடுக்க வேண்டும். தாங்கிகளுக்குக் கிரீஸ் இட வேண்டும். மண் வழிக்கும் தகடு தட்டை உரசாமலும், மண் ஒட்டும்படி விலகாமலும் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மண்ணைக் கழுவி, தட்டுகளுக்குப் பழைய எண்ணெய் தடவி, பலகையின்மேல் இறக்கி வைத்தால் துரு ஏறாது.

ஓட்டும் முறையிலும் சில திருத்தங்கள் செய்தோம். வரப்போரம் திரும்பும்போது தட்டுகளை மண்ணிலிருந்து தூக்கிவிட வேண்டும்; மண்ணுக்குள் வைத்துக்கொண்டே ஒடித்துத் திருப்பினால் அச்சும் சட்டமும் முறுக்கும். தார்ச்சாலையில் ஏறும் முன் இடம் வலம் இரு பிரேக் மிதிகளையும் ஒன்றாகப் பூட்ட வேண்டும். இல்லையேல், ஒன்றை மட்டும் மிதித்தபோது வண்டி ஒரு பக்கம் இழுத்துக் கவிழும். பலுகைத் தூக்கியவுடன் வண்டியின் முன்புறம் இலேசாகி ஸ்டியரிங் பிடி குறையும். அதற்கு முன்னால் எடை மாட்டலாம், எவ்வாறாயினும் மெதுவாகவே செல்ல வேண்டும். குளக்கரைச் சரிவில் ஏறவே கூடாது. சுவீடன் நாட்டில் 1959ஆம் ஆண்டிலேயே, கவிழ்ந்தாலும் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டம் புதிய டிராக்டர்களில் இருக்க வேண்டும் என்று விதித்தனர். எங்கள் பழைய வண்டியில் அது இல்லை. இல்லாதபோது, சரிவைத் தவிர்ப்பதே நமக்குள்ள காப்பு.

இவற்றையெல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதி, நாள்தோறும் குறிக்க வேண்டும் என்றேன். “மாட்டுக்கு எந்தப் பதிவேடு எழுதினோம், தம்பி?” என்றார் அண்ணாச்சி. “மாட்டுக்குக் கண்ணும் காதும் இருந்தன, அண்ணாச்சி, இதற்கு நாம்தானே கண்ணும் காதும்?” என்றேன். அவர் பேசாமல் எழுந்து, கட்டிலில் படுத்திருந்த பையனின் அருகே போய் உட்கார்ந்தார். அன்றிரவு அவர் உண்ணவில்லை.

நம் சங்கக் குடும்பத்தாரிடம் நான் வேண்டுவது ஒன்றே. விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் பிள்ளைகளுக்கு அங்குள்ளவை எல்லாம் விளையாட்டாகத் தோன்றும். நமக்கோ எல்லாம் பழைய நினைவாகத் தோன்றும். அபாயம் அங்கேதான் உள்ளது. அவர்களை வயலுக்கு அழைத்துச் செல்லுங்கள், மண்ணை அளையவிடுங்கள், ஆனால் எந்திரம் ஓடும்போது வரப்புக்கு அப்பால் நிறுத்துங்கள். பெரியப்பாவோ மாமாவோ அன்பினால் ஏறச் சொன்னாலும், மரியாதையோடு மறுத்துவிடுங்கள். அந்த மறுப்பைச் சொல்லாதவன் நான்.

பையனின் காயம் ஆறிவிட்டது. தழும்பு மட்டும் இருக்கிறது. அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. அண்ணாச்சி மாதந்தோறும் பதிவேட்டின் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புகிறார். அவருடைய கோணல் எழுத்தில் ஒவ்வொரு நாளுக்கும் நேராக இப்படி இருக்கிறது: “நட்டு முடுக்கியாச்சு. கிரீஸ் வச்சாச்சு. பிள்ளைகள் பக்கத்தில் இல்லை.” மூன்றாவது வாசகத்தை எழுதும்படி நான் கூறவில்லை, அதை அவரே சேர்த்துக்கொண்டார்.