பெரிய மீனை விட்டுவிடுங்கள்

சென்ற மாதம் ஓர் இரவு, ரொறன்ரோவில் வசிக்கும் எனது பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் பேசினார். "சேர், வேல செய்யிற இடத்து ஆக்களோட வடக்க ஒரு வாவிக்கு மீன் பிடிக்கப் போறோம். விமானத்துலதான் போகணுமாம். நீங்க அப்பிடி ஒரு இடத்துக்குப் போயிருக்கீங்கதானே, என்னென்ன கொண்டு போகணும்?" என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் தொலைபேசியில் சொல்ல வாய் வரவில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

2019 ஜூலையில் வினிபெக்கிலுள்ள மச்சானிடம் போயிருந்தேன். அவர்தான் என்னை ஒன்ராறியோ மாகாணத்தின் கெனோரா நகருக்குக் காரில் கூட்டிச் சென்றார். இருநூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரம். அங்கிருந்து வடக்கே, வீதியே இல்லாத காட்டுக்குள், ஒரு மீன்பிடி விடுதி. தண்ணீரில் இறங்கும் பீவர் விமானத்தில் போனோம். அவ்வகை விமானங்களின் உற்பத்தி 1967 இல் நின்றுவிட்டது. ஆகவே என்னை ஏற்றிச் சென்றது என்னிலும் மூத்தது.

முதற் பாடம் அங்கேயே கிடைத்தது. பொதிகளோடு ஆட்களையும் நிறுத்துப் பார்க்கிறார்கள். எனது கடினமான சூட்கேஸைப் பார்த்து விமானி தலையை ஆட்டினார். சாமான்களைத் துணிப்பைகளுக்கு மாற்ற நேர்ந்தது. ஆகவே மடங்கக்கூடிய பைகளையே எடுத்துச் செல்லுங்கள். கடை கிடையாது, வைத்தியர் கிடையாது. மூடுபனி இறங்கினால் திரும்பும் விமானமும் வராது. அன்றாடம் குடிக்கும் மருந்துகளை மூன்று நாளைக்கு அதிகமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பும் பயணச்சீட்டை அடுத்த நாளுக்கே போட்டுவிடாதீர்கள்.

மே கடைசியிலிருந்து ஜூன் வரை கறுப்பு ஈ, பிறகு நுளம்பு. நமது நுளம்பு அதன் முன் சாது. வெளிர்நிற நீளக்கை உடுப்பும் தலையை மூடும் வலையும் அவசியம். உயிர்காப்பு அங்கியைப் படகில் ஆசனமாகப் போட்டு உட்காராமல் அணிந்துகொள்ளுங்கள். வாவிக்கரையில் பிறந்தவன் என்ற பெருமை எனக்கும் இருந்தது. ஆனால் அந்தக் குளிர்நீரில் சில நிமிடங்களில் கைகால் விறைத்துவிடும். நீச்சல் தெரிந்தவனும் நீந்த மாட்டான்.

மீன்பிடி அனுமதிப் பத்திரத்தை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம், எந்த அளவில் வைத்துக்கொள்ளலாம் என்பது வலயத்துக்கு வலயம் மாறும். இரையை வெளியிலிருந்து கொண்டு போவதற்கும் கட்டுப்பாடு உண்டு. விடுதியில் கேட்டே செய்யுங்கள். அங்கே எல்லோரும் தேடிப் போவது வோல்ஐ என்ற மீனை. வெளிச்சம் பிடிக்காத கண் அதற்கு. அதனால் விடியலும் அந்தியுமே நல்ல நேரம். ஜூலையில் மஃரிப் இரவு ஒன்பதரையை நெருங்கும்போதுதான் வருகிறது. ஆகவே அந்தி நீண்டது. ஈயத் தலை வைத்த முள்ளை அடிவரை இறக்கி, மெல்லத் தூக்கித் தூக்கி விட வேண்டும். பைக் என்ற மீனின் பல் தங்கூசியை அறுத்துவிடும். அதற்குக் கம்பி நுனி வேண்டும். முள்ளைக் கழற்ற நீண்ட குறடொன்றும் வேண்டும்.

பகலில் ஏதாவதொரு தீவில் ஒதுங்கி, பிடித்த மீனை அங்கேயே பொரித்துத் தருவார்கள். அந்தச் சுவைக்காகவே மறுபடி போகலாம். ஆனால் பன்றிக் கொழுப்பில் பொரிப்பது அங்கே பழைய வழக்கம். மச்சான் பதிவு செய்யும்போதே சொல்லி வைத்ததால், எங்களுக்கென்று வேறு சட்டியும் தாவர எண்ணெயும் வைத்திருந்தார்கள். போய் இறங்கிய பின் சொல்வது எல்லோருக்கும் சங்கடம்.

இனி, சொல்லாமல் விட்டது.

எங்கள் வழிகாட்டி அனிஷினாபே பழங்குடியைச் சேர்ந்தவர். அறுபது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். இரண்டாம் நாள் அந்தியில் எனது தூண்டிலில் பெரிய வோல்ஐ ஒன்று பட்டது. அத்தாங்கில் அள்ளி அளந்தார். அறுபத்தைந்து சென்ரிமீற்றர். எங்கள் ஊரில் அப்படியொரு மீனைப் பிடித்தவன் சும்மா வீட்டுக்குப் போவானா? நாலு தெரு சுற்றித்தான் போவான். நான் மனதுக்குள் அதை வெட்டிச் சட்டியிலும் போட்டுவிட்டேன். அவரோ கையை நனைத்து, மீனைத் தண்ணீருக்குள் பிடித்து, அது வாலை அடிக்கும்வரை பொறுத்திருந்து விட்டுவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். இஞ்சினை நிறுத்திவிட்டுப் பேசினார்.

அது முட்டையிடும் பெண் மீன். குளிர்நீரில் அந்த அளவு வளரப் பத்து வருடங்களுக்கு மேலாகும். இது முதற் காரணம். இரண்டாவது காரணத்தைச் சொல்ல அவர் தகப்பனிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

அவருடைய ஊர், கெனோராவுக்கு வடக்கேயுள்ள கிராஸி நரோஸ். 1962 முதல் 1970 வரை, ஆற்றின் மேற்புறத்தில் டிரைடன் நகரிலிருந்த காகிதக்கூழ் ஆலையோடு சேர்ந்த இரசாயனத் தொழிற்சாலை, ஏறத்தாழ ஒன்பதாயிரம் கிலோ பாதரசத்தை வபிகூன் ஆற்றில் கலந்தது. நீரிலுள்ள நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெதைல் பாதரசமாக மாற்றுகின்றன. அது சிறு உயிர்களில் சேர்ந்து, அவற்றைத் தின்னும் மீனில் பெருகி, அந்த மீனைத் தின்னும் வோல்ஐயிலும் பைக்கிலும் உச்சமடைகிறது. சமைத்தாலும் போகாது. 1970 இல் அந்த ஆற்றில் மீன்பிடித் தொழில் நிறுத்தப்பட்டது. போல் லேக் என்ற புகழ்பெற்ற மீன்பிடி விடுதியும் அவ்வருடமே மூடப்பட்டது. அங்கு வழிகாட்டிகளாக இருந்த ஊரவர்கள் ஒரேயடியாக வேலையிழந்தார்கள். அவருடைய தகப்பனும் அவர்களில் ஒருவர். தொழில் போனாலும் வீட்டில் உலை வைக்க வேண்டுமே. ஆற்று மீனையே தொடர்ந்து உண்டார்கள். 1975 இல் ஜப்பானிலிருந்து மினமாட்டா நோயை ஆராய்ந்த வைத்தியர் ஹராடா வந்து பார்த்து, அதே நோயின் அறிகுறிகளை அங்கும் கண்டார்.

"வாப்பாவின் கை நடுங்கும்" என்று நாம் சொல்வதைப் போலவே சொன்னார். "முள்ளில் நூல் கட்ட அவரால் முடியாது. சின்ன வயதிலேயே நான்தான் கட்டிக் கொடுப்பேன்."

நாங்கள் இருந்த வாவி அந்த ஆற்றைச் சேர்ந்ததல்ல. ஆனால் காற்றோடும் மழையோடும் பாதரசம் எங்கும் வந்து சேர்கிறது. மீன் பெரிதாக ஆக, அதன் அளவும் கூடும். எந்த வாவியில், எந்த மீனை, எந்த நீளம்வரை, மாதத்துக்கு எத்தனை முறை உண்ணலாம் என்று ஒன்ராறியோ அரசு அட்டவணை வெளியிடுகிறது. பிள்ளைகளுக்கும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் அதில் தனிக் கணக்கு. போகுமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னதை உண்ணுங்கள். பெரியதை ஒரு படம் எடுத்துவிட்டு, நீருக்கே விட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாதது வேறு. அன்று காலையில் அவர் எனது முள்ளுக்குத் தங்கூசி கட்டித் தந்தார். மூன்று சுற்று, ஐந்து சுற்று என்று எண்ணி, எச்சில் தொட்டு, மெல்ல இறுக்கினார். மீன் போய்விடும் என்ற அவசரத்தில் நான், "இன்னும் முடியவில்லையா?" என்று கேட்டிருந்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

தம்பி, உங்களுக்கும் ஒரு வழிகாட்டி கிடைப்பார். அவர் கட்டி முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.